ஆவுடைத்தங்கம், உத்திரட்டாதி நட்சத்திரம்

அம்மன் சாட்சியாக நடந்தது, கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை: முள்ளுக்கரை ஊரில், கிணற்றுத் தெருவில், தண்ணீர் லாரி எட்டு நாளைக்கு ஒருதரம் வந்துகொண்டிருந்த காலத்தில், முதலமைச்சர் வீட்டுச் சகலைக்கு மலைமேல் இருந்த ஏலக்காய் எஸ்டேட்டில் பெய்த மழையெல்லாம், அங்கே பெய்த அதே நேரத்தில், எங்கள் தெருவில் ஆவுடைத்தங்கம் மதினி தலைமேலும் பெய்தது.

சகலையின் பேர் கீர்த்திவாசன். முதலமைச்சரின் வீட்டம்மாவுக்குக் கூடப்பிறந்த தங்கையைக் கட்டியவர் என்பதால் மாவட்டம் முழுக்க அவருக்குச் சகலை என்றே பேர் விழுந்துவிட்டது. முறை இருக்கிறதோ இல்லையோ, கலெக்டர் ஆபீஸ் பியூன்கூட அவரைச் சகலை என்றுதான் சொல்லுவான். கல்யாண மண்டபம் அவருடையது என்பார்கள், பைபாஸில் இருக்கிற கல்குவாரி அவருடையது என்பார்கள், தென்காசிக்கு ஓடுகிற நாலு பஸ்ஸும் அவருடையது என்பார்கள், பத்திரிகைக்காரர்கள் வாரம் ஒருதரம் படம் போட்டு எழுதுவார்கள், அவரும் வாரம் ஒருதரம் வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக மைக்குக்கு முன்னால் நின்று, எனக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது, குடியிருக்கிற வீடும் வாடகை வீடு என்று சொல்லுவார். பொய்யும் இல்லை. மண்டபம் அவருடைய டிரைவர் பேரில் இருந்தது, பஸ்கள் சட்டை தைக்கிற டெய்லர் பேரில் இருந்தன, குவாரி செத்துப்போன ஒரு பெரியம்மா பேரில் இருந்தது, அந்தப் பெரியம்மா செத்த பிறகும் இரண்டு தரம் கையெழுத்துப் போட்டாள் என்று பேச்சு.

ஊமையருவி என்கிற அந்த ஏலக்காய் எஸ்டேட் மட்டும் எங்கள் தங்கம் மதினி பேரில் இருந்தது.

தங்கம் மதினி அவர் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள். புருஷன் போய்ப் பன்னிரண்டு வருசம், ஒரே மகள் உலகுவை ராஜபாளையத்தில் கட்டிக்கொடுத்தாயிற்று. காலையில் எழுந்ததும் தெருக்கிணற்றடியில் கூரையில்லாமல் வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற எங்கள் மாரியம்மனுக்கு விளக்குப் போடுவாள், அப்புறம் சகலை வீட்டுக்குப் போவாள், மத்தியானம் வந்து எங்களோடு உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டுவாள். முதியோர் வகுப்பில் எழுதப் படித்தவள் என்பதால் அவள் கையெழுத்து உருண்டை உருண்டையாக, புள்ளி வைத்துக் கோலம் போட்ட மாதிரி இருக்கும். அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான் மேனேஜர் அருணகிரி அவளைக் காரில் ஏற்றிப் பத்திர ஆபீஸுக்குக் கூட்டிப்போனார். என்ன எழுதியிருக்கு ஐயா என்று கேட்டிருக்கிறாள். மொதலாளி வீட்டுக் காரியம் அக்கா, போடு என்றாராம். போட்டாள். வடையும் காப்பியும் வாங்கிக் கொடுத்துத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள்.

இதுவரைக்கும் எங்கேயும் நடக்கிறதுதான். அதற்கப்புறம் சகலை ஒரு தப்புப் பண்ணினார்.

தை மாசம் ஒரு வெள்ளிக்கிழமை எஸ்டேட்டில் பூமி பூஜை வைத்தார்கள். பொங்கல் வைக்க ஆள் வேண்டுமென்று மதினியையும் வேனில் ஏற்றிப்போனார்கள். அயினி மரத்தடியில் ஒரு கல், அதற்கு மஞ்சள் துணி கட்டி, பண்பொழிப் பக்கத்திலிருந்து வந்த சுந்தரம் பட்டர் கலசம் வைத்து மந்திரம் சொல்லிக்கொண்டே வந்தார். நம் வழக்கத்தில் சங்கல்பம் பண்ணுகிற இடம் வந்தால் யாருடைய நிலமோ அவர்கள் பேரையும் நட்சத்திரத்தையும் சத்தமாகச் சொல்லித்தானே ஆகவேண்டும், பட்டரும் கேட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு பத்திரிகைக்காரர்கள் கேமராவோடு நிற்பதைச் சகலை அப்போதுதான் பார்த்தார். ‘சுவாமி பேருக்கே பண்ணிருங்க’ என்று நாமெல்லாம் கோயிலில் சொல்லுகிற அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அவசரத்தில் அவருக்குப் பத்திரத்தில் இருந்த பேர்தான் வாயில் வந்தது. ஆவுடைத்தங்கம் என்றார். நட்சத்திரம் என்று பட்டர் கேட்டார். சகலைக்குத் தெரியவில்லை, திரும்பி மதினியைப் பார்த்தார். அடுப்பில் பொங்கல் கிண்டிக்கொண்டிருந்தவள், கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, உத்திரட்டாதி என்றாள்.

காகிதத்தில் எழுதினது மனுசருக்குத்தான் தெரியும். சங்கல்பத்தில் சொன்னதை நிலம் கேட்டுக்கொண்டது.

சித்திரை பிறந்து ஏழாம் நாள், உச்சி வெயிலில், வேப்பமரத்தடியில் நாங்கள் ஆறு பேர் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தபோது மதினி முழங்கையைத் தடவி, குளிருது பிள்ள என்றாள். சொல்லி வாய் மூடவில்லை, மழை வந்துவிட்டது. வானத்தில் மேகம் இல்லை. மதினியைச் சுற்றி எட்டடிக்கு, ஒரு சின்னப் பந்தல் அகலத்துக்கு, நெட்டுக்குத்தாகப் பெய்தது. ஏலக்காய் வாசனையும் ஊறின சருகு வாசனையும் அடித்தது. ஒட்டின பெட்டியெல்லாம் ஊறிப் பிரிந்துபோனதில் எங்களுக்கு வந்த ஆத்திரத்தில் ஆச்சரியப்பட நேரமில்லை. மதினி நனைந்துகொண்டே எழுந்து தெரு நடுவில் போய் நின்றாள், மழையும் கூடவே போனது. கொஞ்ச நேரம் கழித்துக் குனிந்து கணுக்காலைப் பார்த்தாள். மலைக்காட்டு அட்டை ஒன்று ஒட்டியிருந்தது. எங்கள் ஊரில் அட்டையை யாரும் பார்த்ததில்லை. நான் உப்பு எடுத்துக்கொண்டு ஓடினேன்.

மலையில மழை போல, என்றாள் மதினி, அவ்வளவுதான்.

முதல் மழைக்கு வேடிக்கை பார்த்தோம். இரண்டாம் மழைக்குக் குடம் வைத்தோம். மூன்றாம் மழைக்குள் தெருவில் ஒரு ஒழுங்கு வந்துவிட்டது. மதினியின் முழங்கை குளிர்ந்தால் சொல்லவேண்டும், சொன்னால் தீப்பெட்டிக் குச்சிகளை உள்ளே எடுக்கவேண்டும், வத்தல் காயப்போட்டவர்கள் எதிர்ச்சாரிக்கு மாற்றிக்கொள்ளவேண்டும், மதினி நேரே தெருக்கிணற்றுக்குப் போய்க் சுற்றுக்கட்டையில் உட்காரவேண்டும், ஏனென்றால் இருபது வருசமாக வறண்டு கிடந்த கிணற்றில் பாதி மழையாவது விழட்டும். அவளும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பக்கத்திலிருக்கிற அம்மனைப் பார்த்து உதட்டுக்குள் மாரி மாரி என்று சொல்லிக்கொண்டு, மழை விடுகிறவரை உட்கார்ந்திருப்பாள். முந்தியில் எப்போதும் ஒரு முடிச்சு உப்பு, அட்டைக்கு.

ரேஷன் கடையில் மூட்டை நனைந்துவிடும் என்று அவளை வரிசையில் நிற்கவிடாமல் முதல் ஆளாகச் சாமான் போட்டு அனுப்பினார்கள். டவுன் பஸ்ஸில் கண்டக்டர் அவளுக்கென்று கடைசி சீட்டுப் பக்கம் ஒரு இடம் ஒதுக்கி, முழங்கை எப்படி இருக்கு அக்கா என்று கேட்டுவிட்டுத்தான் டிக்கெட் கொடுப்பார். மிளகாய்த் தோட்டக்காரர்கள் வந்து கெஞ்சிக் கூப்பிட்டால் போய் வரப்பில் நாலு சுற்று நடந்துவிட்டு வருவாள், கொடுத்ததை வாங்கமாட்டாள். இதுக்குக் கூலி வாங்கினா அட்டைக்கு யாரு பதில் சொல்லுவா என்பாள். சென்னையில் இருக்கிற என் மூத்தவன் போனில் சிரித்தான், வீடியோ எடுத்து அனுப்பும்மா என்றான், எடுக்கப்போய் என் போன் நனைந்து செத்ததுதான் மிச்சம்.

ஆனி ஆடியில் மலையில் விடாமல் பெய்தது. எங்களுக்கும் விடாமல் பெய்தது. கிணற்றில் தண்ணீர் தெரிந்த அன்றைக்கு யாரும் சத்தம் போடவில்லை, எல்லோரும் வரிசையாகப் போய் எட்டிப் பார்த்துவிட்டு, அம்மனுக்கு ஒரு சூடம் பொருத்திவிட்டு வேலையைப் பார்க்கப் போனோம். மாவட்டத்திலேயே பெரிய எஸ்டேட்டுக்கு உடையவள் சகலை வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போனாள்.

சகலைக்கு விசயம் தெரிந்தபோது அவரும் ஆச்சரியப்படவில்லை. எஸ்டேட்டில் மழையா என்று தினமும் போன் போட வேண்டியதில்லை, தங்கம் தலையைப் பார்த்தால் போதும் என்று சிரித்தாராம். பிறகு ஆடி மாசம் ஒருநாள் எஸ்டேட்டைப் பார்க்கப் போனார். கொட்டுகிற மழையில் காரைவிட்டு இறங்கினார். அவர்மேல் ஒரு சொட்டு விழவில்லை. சட்டையின் கஞ்சி மொடமொடப்புக் கலையவில்லை. குடை பிடிக்க ஓடிவந்த அருணகிரி தெப்பலாக நனைந்தார், இவர் வெயிலில் நிற்கிறவர் மாதிரி நின்றார். முதலில் அதைத் தன் பெருமை என்றுதான் நினைத்தார். ஒரு ஏலக்காயை உரித்து வாயில் போட்டார், தவிட்டை மென்றமாதிரி இருந்தது. பக்கத்தில் நின்ற தொழிலாளிக்கு அதே கொத்திலிருந்து ஒன்றைக் கொடுத்துக் கேட்டார். அவன், நல்லா காரமா மணமா இருக்கு மொதலாளி என்றான். அதற்கப்புறம் அவர் சிரிக்கவில்லை என்று அருணகிரி எங்களிடம் பின்னாளில் சொன்னார்.

புரட்டாசியில் ஒரு காலையில், அம்மனுக்கு விளக்குப் போட்டுக்கொண்டிருந்த மதினி தலையில் மழைக்குப் பதிலாக வேறு ஒன்று விழுந்தது. வெள்ளையாக, மாவு மாதிரி. நான் விரலில் எடுத்து மோந்து பார்த்தேன். மரத்தூள். மறுநாளும் விழுந்தது, அதற்கு மறுநாளும். அடுத்து வந்த மழை செம்மண்ணாக வந்தது, சேலையெல்லாம் காவி நிறம். அதற்கடுத்த மழை பாதியில் நின்றுவிட்டது. சகலை மலையில் மரத்தை அறுத்துச் சரித்து, பணக்காரர்கள் வந்து தங்குகிற பங்களாக்கள் கட்டப்போகிறார் என்று பால்காரர் சொன்னார், அவருடைய மைத்துனர் எஸ்டேட்டில் வேலை பார்க்கிறார்.

மதினி அன்றைக்குச் சகலை வீட்டில் பாத்திரம் தேய்த்து முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, சகலை முன்னால் போய் நின்று, மலையில் மரம் வெட்டுகிறதை நிறுத்தச் சொல்லவேண்டும் என்று கேட்டிருக்கிறாள். யார் சொல்லணும் என்று அவர் கேட்டிருக்கிறார். நான்தான் மொதலாளி, என் பேர்ல இருக்கிறத என்னையக் கேக்காம வெட்டுதாவளே என்றாளாம். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இந்தச் சிரிப்பு ஓய்வதற்குள் ஐப்பசி வந்தது, கோர்ட் உத்தரவு வந்தது, சகலையின் சொத்தைப் பற்றி விசாரிக்க ஒரு அதிகாரி வந்தார். செலின் ஜெபராணி என்று பேர், நாற்பது வயசிருக்கும், முகத்தில் களைப்பும் கண்ணில் பொறுமையும் இருந்தன. மண்டபத்து டிரைவர் அது தன் சொத்துதான், சீட்டு எடுத்துச் சேர்த்தேன் என்று எழுதிக் கொடுத்தார். டெய்லர் ஊரைவிட்டே போய்விட்டார். செத்துப்போன பெரியம்மாவிடம் யார் போய்க் கேட்பது. மிச்சம் இருந்தது எங்கள் மதினி.

அதிகாரி மதினியைத் தேடி வருவதற்கு முன்னால் சகலை வந்துவிட்டார். எங்கள் தெருவுக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. சாயங்காலம் நாலு மணி, வெள்ளைக் கார், வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டோம். நாங்களெல்லாம் தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஒட்டுகிறமாதிரி உட்கார்ந்திருந்தோம்.

“தங்கம், நாளைக்கு ஆபீஸுக்கு வந்து ஒரு கையெழுத்துப் போட்டுரு. அதோட உனக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. உன் மகளுக்கு ராஜபாளையத்துல ஒரு வீடு பாத்து வச்சிருக்கு.”

“யாருக்கு எழுதிக் குடுக்கணும் மொதலாளி?”

“அது உனக்கெதுக்கு? ஒரு கம்பெனிக்கு.”

மதினி கேட்டாள்: “கம்பெனிக்கு என்ன நட்சத்திரம் மொதலாளி?”

கேலியாகக் கேட்கவில்லை, அவளுக்குக் கேலி வராது. ஆனால் எங்கள் பக்கம் ஒருத்தி சிரித்துவிட்டாள், அப்புறம் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம்.

மதினிதான் பேசினாள். “அன்னைக்கு மலையில என் பேரையும் நட்சத்திரத்தையும் சாமிகிட்டச் சொல்லிட்டோம். பத்திரத்துல மட்டும் மாத்தினா அது மாறாது. அதே எடத்துல, அதே பட்டர வச்சு, இன்னொரு சங்கல்பம் பண்ணுங்க. உங்க பேரு, உங்க நட்சத்திரம் சொல்லுங்க. யார் பேருக்குச் சங்கல்பம் ஆகுதோ அவுகளுக்கு நான் கையெழுத்துப் போட்டுத் தாரேன். இந்தா இருக்கா மாரி, அவ மேல சத்தியம்.”

சகலை குரலைத் தாழ்த்தினார். அதிகாரிகள் வந்தால் அவளைத்தான் பிடிப்பார்கள், இவ்வளவு பெரிய சொத்து பாத்திரம் தேய்க்கிறவளுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள், பதில் சொல்லத் தெரியாமல் முழிப்பாள், ஜெயிலில் கொண்டுபோய் வைப்பார்கள், மருமகன் வீட்டில் உலகு தலைநிமிர முடியாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அதெல்லாம் நடக்கக்கூடியதுதான் என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. நான் உள்ளுக்குள் அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டேன்.

“வைக்கட்டும் மொதலாளி,” என்றாள் மதினி. “ஜெயில்லயும் மழை பெய்யும்.”

அன்றைக்கு உலகு ராஜபாளையத்திலிருந்து ஓடிவந்தாள். வீடும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், கையெழுத்தைப் போட்டுவிட்டு என்னோடு வந்துவிடு என்று அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். மதினி மகளின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். நான் கையெழுத்துப் போட்டால் மிச்ச மரத்தையும் அறுத்துவிடுவார்கள், அப்புறம் இந்தக் கிணற்றுக்கு நான் என்ன பதில் சொல்ல என்றாள். பேசிக்கொண்டிருக்கையில் முழங்கை குளிர்ந்து, தாயும் மகளும் சேர்ந்தே நனைந்தார்கள். அந்த மழைக்குப் பிறகு உலகு அம்மா கணுக்காலில் இருந்த அட்டையை எடுத்துப் போட்டாள்.

செலின் ஜெபராணி அம்மா வந்தபோது எட்டடி தள்ளி நாற்காலி போட்டோம். எதுக்கு என்று கேட்டார், ஃபைல் நனைஞ்சுரும் என்றோம். அரைமணி நேரத்தில் அவருக்கே தெரிந்துவிட்டது, நாற்காலியை இன்னும் ஒரு அடி தள்ளிப் போட்டுக்கொண்டு கேள்வியைத் தொடர்ந்தார். அந்த எஸ்டேட் யாருடையதும்மா என்று கேட்டார்.

“காசு என்னுது இல்ல தாயி. நெலம் என்னுது.”

இப்படி எழுத ஃபாரத்தில் இடமில்லையே என்றார் அவர். இடம் இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை மலைக்கு வாருங்கள், யாருடையது என்று உடையவரே வாயால் சொல்லுவார் என்றாள் மதினி. அதிகாரி அம்மா வரப்போகிறார் என்பதை அருணகிரி வழியாகச் சகலைக்கும் சொல்லி அனுப்பினாள். ஒளித்து வைத்துக் காரியம் பண்ண அவளுக்குத் தெரியாது.

சகலை வரமாட்டார் என்றுதான் நான் நினைத்தேன். வந்தார். திங்கட்கிழமைக்குள் சொத்து மதினி பேரிலிருந்து மாறாவிட்டால் கோர்ட் கையில் போய்விடும் என்று வக்கீல் சொல்லியிருந்தார், பட்டர் காதில் மெதுவாகச் சொல்லி இரண்டு நிமிசத்தில் முடித்துக்கொள்ளலாம் என்று அருணகிரி சொல்லியிருந்தார், இதையெல்லாம்விட, ஊருக்கே பெய்கிற மழை தன்னை மட்டும் தெரியாதது மாதிரி விலகிப் போவது அவருக்கு உள்ளே எங்கேயோ குத்திக்கொண்டிருந்தது.

கார்த்திகை வெள்ளிக்கிழமை. தீப்பெட்டிக் கம்பெனி லாரியில் எங்கள் தெருவே ஏறிப்போனது, எங்கள் தண்ணீர் இல்லையா. மலையில் பாதி மரம் கிடையாகக் கிடந்தது. அயினி மரம் மட்டும் கல்லுக்குத் துணையாக நின்றது. அதிகாரி அம்மா ஒரு பக்கம், பத்திரிகைக்காரர்கள் ஒரு பக்கம், கோடாலியைக் கீழே போட்டுவிட்டு வந்த தொழிலாளிகள் ஒரு பக்கம். மழை பிடித்துக்கொண்டது. எங்களுக்கு ஒரு பங்கு மழை என்றால் மதினிக்கு இரண்டு பங்கு, அங்கே பெய்ததும் அவளுக்கென்று பெய்ததும் சேர்ந்து அவளைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. நடுவில் சகலை, கலையாத கஞ்சிச் சட்டையில், பொட்டு ஈரமில்லாமல். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று அவரும் பார்த்தார்.

பட்டர் கலசத்துக்குக் குடை பிடிக்கச் சொல்லிவிட்டு மந்திரத்தைத் தொடங்கி, அந்த இடத்துக்கு வந்து நிறுத்தினார்.

“பேர் நட்சத்திரம் சொல்லுங்கோ.”

சகலை பட்டரின் காதுப் பக்கம் குனிந்தார். பட்டர், நீங்கள் மெதுவாகச் சொன்னாலும் நான் சத்தமாகத்தான் சொல்லுவேன், சாமிக்குச் சொல்லுகிறதை ரகசியமாகச் சொல்லுகிற வழக்கம் இல்லை என்றார். சகலை நிமிர்ந்துகொண்டார். அதிகாரி அம்மா பேனா மூடியைக் கழற்றினார்.

“பேர் சொல்லுங்கோ.”

கீர்த்திவாசன் என்று ஏழே எழுத்து, அதைச் சொன்னால் மலை அவருடையது, மழை அவருடையது, ஏலக்காயின் காரமும் மணமும் அவருடையது. சொன்னால், எனக்கு ஒரு சென்ட் கிடையாது என்று வாரம் ஒருதரம் சொன்னதெல்லாம் போயிற்று, மண்டபம் போயிற்று, பஸ் போயிற்று, குவாரி போயிற்று, மேலே கோட்டையில் உட்கார்ந்திருக்கிற சொந்தமும் போயிற்று. அவர் வாய் திறந்தது. அந்த மனுசன் சொல்லிவிடுவார் என்றே நான் நினைத்தேன், பாவம், சொல்லிவிடட்டும், ஒருதரமாவது நனையட்டும் என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். கண் மழையைப் பார்த்தது, பேனாவைப் பார்த்தது.

மூன்றாம் தடவையாகப் பட்டர் கேட்டார்.

“சுவாமி பேருக்கே பண்ணிரும்,” என்றார் சகலை.

தையில் சொல்லியிருக்கவேண்டிய வார்த்தை கார்த்திகையில் வந்தது. பட்டர் தலையாட்டினார், எந்த சுவாமிக்கு என்று சொல்லணுமே என்றார். சகலை அதற்குள் காரைப் பார்க்கத் திரும்பிவிட்டார். அன்றைக்கு நட்சத்திரம் தெரியாமல் யாரைப் பார்த்தாரோ அவளைப் பார்த்தே கையைக் காட்டி, “ஏதோ ஒரு சுவாமி. அவளைக் கேளும்,” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

தங்கம் மதினி முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்தாள். “முள்ளுக்கரை கிணத்தடி மாரியம்மன்,” என்றாள்.

பட்டர் அதைச் சத்தமாகச் சொன்னார். மலை முழுக்கக் கேட்டது. சொல்லி முடித்ததும் மதினி தோளை ஒருதரம் அசைத்து, கையை விரித்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். “பிள்ள, லேசா இருக்கு,” என்றாள். இப்போது எங்களுக்கு எவ்வளவு பெய்ததோ அவ்வளவுதான் அவளுக்கும் பெய்தது. இறக்கி வைத்தவள் முகத்தில் வருகிற சிரிப்பு அவளுக்கும் வந்தது, கூடவே அழுகையும் வந்தது. அதே நேரத்தில் தெருவில் காவலுக்கு விட்டுவந்த மாடத்தி போன் போட்டாள், இங்கே அம்மன் தலைமேல் மட்டும் மழை கொட்டுகிறது, கிணறு வழியப்போகிறது, நீங்களெல்லாம் எப்போது வருவீர்கள் என்று கேட்டாள்.

சத்தியம் பண்ணினபடி திங்கட்கிழமை மதினி பத்திர ஆபீஸுக்குப் போய், யார் பேருக்குச் சங்கல்பம் ஆயிற்றோ அந்த அம்மன் பேருக்கு எஸ்டேட்டை எழுதி, உருண்டை உருண்டையாகக் கையெழுத்துப் போட்டாள். வடையும் காப்பியும் இந்தத் தடவை நாங்கள் வாங்கிக்கொடுத்தோம். கோர்ட்டில் கேஸ் நடக்கிறது, நடக்கட்டும். ஊமையருவிக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று சகலை தன் கைப்பட எழுதிக் கொடுத்திருக்கிறார், அதனால் மரத்தை வெட்டு என்று சொல்ல அங்கே ஆளில்லை. செலின் ஜெபராணி அம்மா, பேர் கேட்டபோது அவர் சொல்லவில்லை என்று எழுதியதோடு, மழையில் நனையவும் இல்லை என்று கீழே ஒரு வரி சேர்த்தாராம். சகலை போகிற ஊரெல்லாம் இப்போது வெயில்தான், எந்த மழையும் அவரைத் தொடுவதில்லை என்று சொல்லுகிறார்கள். குடை மட்டும் விடாமல் கையில் வைத்திருக்கிறார், பார்க்கிறவர்களுக்காக.

இந்த ஆனியிலும் விடாமல் பெய்தது. அம்மனுக்குக் கூரை போடலாமா என்று கவுன்சிலர் கேட்டார், வேண்டவே வேண்டாம் என்றோம். மத்தியானம் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த மதினி பாதியில் எழுந்து அம்மனிடம் போனாள். போய்ப் பார்த்தேன். மழைக்குள் குனிந்து, முந்தியிலிருந்து ஒரு சிட்டிகை உப்பை எடுத்து, மாரியின் கல்பாதத்தில் ஒட்டியிருந்த அட்டைமேல் தூவினாள் தங்கம் மதினி. அது சுருண்டு விழுந்தது.

“உடையவளுக்கு இதெல்லாம் உண்டு தாயி,” என்றாள், “பொறுத்துக்கிடு.”